உருக்கின் உள்ளுருவம்: கொல்லன் உலையிலிருந்து திரவிய விஞ்ஞானம் வரை

மனிதகுலத்தின் பண்டைய வரலாற்றைப் பகுத்துக் கூறப் புகுந்த அறிஞர், அரசர் பெயரையோ மரபின் பெயரையோ கொண்டு அதனைப் பகுத்தாரல்லர். கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என மனிதன் தன் கையிற் கொண்ட திரவியத்தின் பெயரையே அவ்வக் காலத்துக்கு இட்டனர். கொப்பன்ஹேகன் நகரத் தொல்பொருட் சாலையை ஒழுங்குசெய்த தொம்சன் என்பார் 1836ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூலிற் கையாண்ட இப்பகுப்பு இன்றும் வழக்கில் இருக்கின்றது. ஒரு சமுதாயம் எதனை உழுதது, எதனை வெட்டியது, எவ்வாறு போர் செய்தது என்பனவெல்லாம் அது எத்திரவியத்தைக் கையாள அறிந்திருந்தது என்பதைப் பொறுத்தனவாதலின், இப்பெயரீடு பொருத்தமானதே.

ஆயினும் இப்பகுப்பு ஓர் உண்மையை மறைத்துவிடுகின்றது. இரும்பு என்னும் ஒரே பெயராற் குறிக்கப்படும் பொருள், எல்லாவிடத்தும் ஒரே தன்மையதன்று. ஒரு கொல்லன் அடித்த கத்தி முதல் வெட்டிலேயே வளைந்துபோகின்றது. இன்னொருவன் அடித்த கத்தி கண்ணாடிபோல நொறுங்குகின்றது. மூன்றாமவன் அடித்த கத்தியோ தலைமுறை தாண்டியும் கூர் மழுங்காது நிற்கின்றது. மூன்றும் இரும்பே. இவ்வேற்றுமை எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை காண மனிதன் மேற்கொண்ட முயற்சியே இன்று திரவிய விஞ்ஞானம் எனப் பெயர்பெற்று விளங்குகின்றது. பாலமோ, பொறியோ, கப்பலோ, சமையற் பாத்திரமோ எதனை ஆக்கும் பொறியியலாளனும் முதற்கண் கற்கவேண்டிய துறை இது. அதன் முதற்பாடத்தைச் சூத்திரங்களாற் கூறாது, உருக்கு என்னும் ஒரு திரவியத்தின் வரலாற்றைக்கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் நமது அயல்நாட்டுக்கும் சிறிதல்லாத பங்கு உண்டு.

இரும்பின் வகைகளை முதலில் நோக்குவாம். தூய இரும்பு 1538 பாகை செல்சியசு வெப்பநிலையிலேயே உருகும். பண்டைய உலைகள் இவ்வெப்பத்தை எட்டவில்லை. ஆதலால் அவ்வுலைகளில் இட்ட இரும்புத்தாது உருகாமலே கரியின் செயலால் ஒட்சிசனை இழந்து, துளைகள் நிறைந்த ஒரு திரளாக அடியிலே தங்கிற்று. கசடு மாத்திரம் உருகி வழிந்தது. அத்திரளைச் சம்மட்டியால் அடித்து எஞ்சிய கசட்டை வெளியேற்றியபின் கிடைப்பது தேனிரும்பு. இது மென்மையானது, வளையும், உடையாது. இதற்கு மறுதலையானது வார்ப்பிரும்பு. அதில் நூற்றுக்கு 4 பங்களவு காபன் கலந்திருப்பதால் ஏறத்தாழ 1150 பாகையிலேயே அது உருகிவிடுகின்றது. அச்சில் வார்த்தற்கு எளிது. ஆயின் அடிபட்டால் உடையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு, நூற்றுக்கு 2 பங்கிலும் குறைந்த காபனைக் கொண்டிருப்பதே உருக்கு. வன்மையும் வளைந்து நிமிருந் தன்மையும் ஒருங்கே வாய்க்கப்பெற்றது அதுவே.

இத்தகைய நடுநிலைப் பொருளைத் திட்டமிட்டு ஆக்குதல் எளிதன்று. காபன் சிறிது குறைந்தால் தேனிரும்பு. சிறிது மிகுந்தால் வார்ப்பிரும்பு. காபன் என்னும் மூலகம் ஒன்று உண்டென்பதையே அறியாத காலத்தில், தென்னிந்தியாவின் கொல்லர் இந்நடுநிலையைத் தவறாது அடைந்தனர் என்பதே வியப்புக்குரியது. அவர்கள் கையாண்ட முறை, மூசையில் உருக்கும் முறையாகும். உமி கலந்து பிசைந்த களிமண்ணால் மூசை, அதாவது புடக்குகை, செய்து, அதனுள்ளே தேனிரும்புத் துண்டுகளை இட்டு, அவற்றோடு உலர்ந்த ஆவாரங் கட்டையையும் சில பச்சிலைகளையும் வைத்து, வாயை மண்ணால் அடைத்து, கரியுலையில் அடுக்கித் துருத்தியால் ஊதுவர். சில இடங்களில் எருக்கிலை இடும் வழக்கமும் இருந்தது. பல மணிநேரத்தின் பின் மூசையை எடுத்து ஆறவிட்டு உடைத்தால், உள்ளே உருண்டையான உருக்குக் கட்டி இருக்கும்.

இச்செயலில் அடங்கிய நுட்பத்தை இன்றைய விஞ்ஞானத்தின் துணைகொண்டு நோக்கினால் அதன் சிறப்பு விளங்கும். மூடிய மூசையினுள் மரமும் இலையும் கரியாகின்றன. அக்கரியின் காபன் இரும்பினுட் புகுகின்றது. காபன் புகப்புக இரும்பின் உருகுநிலை தாழ்கின்றது. முடிவில் அந்த உலை தரக்கூடிய வெப்பத்திலேயே அது முற்றாக உருகிவிடுகின்றது. உருகியதனாற் கசடு மேலே மிதந்து பிரிகின்றது. காபனும் எங்கும் ஒரே சீராகப் பரவுகின்றது. மூசைக் களிமண்ணிற் கலந்த உமியும் வீணன்று. அது தீய்ந்து கரியும் சிலிக்காவுமாகி நின்று, மூசை பெருவெப்பத்தைத் தாங்குமாறு செய்தது. உள்ளே இட்ட இரும்பின் அளவும், மரத்தின் அளவும், ஊதும் நேரமும் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த அளவுகள். நிறுத்துப் பார்க்கும் நுண்தராசு இல்லாவிடினும் கையும் கண்ணும் தராசாக நின்றன. கன்னடத்தார் இப்பொருளை உக்கு என்றனர். தமிழர் உருக்கு என்றனர். உருக்கப்பட்டது என்னும் பொருளைத் தரும் தமிழ்ச்சொல்லே இதன் செய்முறையைச் சொல்லிவிடுகின்றது. ஐரோப்பியர் இதனை வூட்ஸ் என்று வழங்கினர். அச்சொல் உக்கு என்பதன் திரிபென்பது அறிஞர் பலரின் கருத்து.

கொங்குநாட்டிற் கொடுமணல் என்னும் ஊரில் நிகழ்ந்த அகழாய்வுகள், சங்ககாலத்தை ஒட்டியே இரும்பு, உருக்குத் தொழில்கள் அங்கு நடைபெற்றமைக்குச் சான்று தந்துள்ளன. இனி, நம் நாட்டின் நிலையை நோக்குவாம். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் அல்-கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில், ஸரந்தீபு உருக்கினால் அடிக்கப்பட்ட வாள்களைத் தனிவகையாகக் குறிப்பிடுகின்றார். ஸரந்தீபு என்பது இலங்கைக்கு அரபியர் வழங்கிய பெயர். இச்சிறு தீவில் அயல்நாட்டார் பெயர்சொல்லிக் கேட்குமளவுக்கு உருக்கு விளைந்தது எங்ஙனம் என்னும் வினா நெடுங்காலம் விடையின்றி இருந்தது.

அவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி, நீர்மின் திட்டமொன்றின் பயனாகக் கிடைத்தது. வளவை கங்கைப் படுகையில், பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவவில் அணை கட்டப்பட்ட காலத்தில், நீரில் மூழ்கவிருந்த நிலப்பகுதியைத் தொல்லியலாளர் ஆராய்ந்தனர். அவ்வாய்வை நடத்திய ஜூலெஃப் அம்மையார், மலைச்சரிவுகளின் மேற்குமுகத்தில் எழுபத்தேழு உலைக்களங்களைக் கண்டறிந்தார். அவை எல்லாம் மேற்கு நோக்கி அமைந்தமை தற்செயலன்று. ஆனி முதல் ஆவணி வரை அம்மலைமுகத்தில் தென்மேற்குப் பருவக்காற்று இடைவிடாது வீசுகின்றது. அக்காற்றே அவ்வுலைகளுக்குத் துருத்தி. ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை இவ்வுலைகள் இயங்கின எனக் காலக்கணிப்பு காட்டிற்று.

காற்றை மாத்திரம் நம்பிய உலையில் நல்ல உலோகம் விளையாதென்பது உலோகவியலார் பலரிடை இருந்த கருத்து. இதனைச் சோதிக்க 1994ஆம் ஆண்டில் அதே சரிவில் அதே வடிவில் உலை கட்டி, உள்ளூர்த் தாதையும் கரியையும் இட்டுப் பருவக்காற்றில் இயக்கினர். காற்று முன்சுவரின் மேல் மோதித் தாண்டிச் செல்லுங்கால், சுவரின் பின்புறத்தே அமுக்கம் குறைகின்றது. அக்குறைவினால் முன்சுவரிலுள்ள குழாய்கள் வழியே காற்று ஒரே சீராக உள்ளிழுக்கப்படுகின்றது. புறக்காற்றின் வேகம் ஏறியிறங்கினும் உலையின் வெப்பம் பெரிதும் மாறவில்லை. அதில் இரும்போடு காபன் மிகுந்த உருக்கும் நேரடியாகவே விளைந்தது. இச்செய்தி 1996ஆம் ஆண்டிலே நேச்சர் என்னும் விஞ்ஞான ஏட்டில் வெளிவந்தது. சுவரின் வடிவத்தையும் காற்றின் இயல்பையும் பொருத்திக் கண்ட அந்நாளைய தொழிலாளர், எந்தச் சூத்திரத்தையும் எழுதிவைத்தாரல்லர். ஆயினும் அவர்கள் கட்டிய உலை அதனை அறிந்திருந்தது.

நமது பகுதிகளில் விளைந்த இவ்வுருக்குக் கட்டிகள் கடல்வழியாக மேற்கே சென்றன. பாரசீகத்திலும் அதனைச் சூழ்ந்த நாடுகளிலும் அவற்றை வாளாக அடித்தனர். ஐரோப்பியர் அவ்வாள்களைத் தமஸ்கு வாள்கள் என்று புகழ்ந்தனர். அவ்வாளின் கூர்மையினும் அவர்களை வியக்கச் செய்தது அதன் முகத்தில் நீரலைபோல ஓடிய வரிக்கோலம். அது தீட்டிய ஓவியமன்று, தேய்த்தாலும் அழியாது, அமிலத்தாற் கழுவினால் மீண்டும் தோன்றும். உலோகத்தின் உள்ளேயிருந்து எழும் கோலம் அது. திரவியத்தின் உள்ளே ஓர் உருவம் உண்டு என்பதை வெறுங்கண்ணுக்குக் காட்டிய பொருள் தமஸ்கு வாள் என்று கூறுதல் மிகையன்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இப்புதிர் ஐரோப்பிய ஆய்வுகூடங்களை எட்டிற்று. பம்பாயிலிருந்த வைத்தியர் ஹெலனஸ் ஸ்கொட், 1794இல் இலண்டன் வேத்தியற் கழகத் தலைவர் சேர் ஜோசப் பாங்ஸுக்கு வூட்ஸ் கட்டிகளை அனுப்பினார். ஜோர்ஜ் பியர்சன் என்னும் இரசாயன அறிஞர் அவற்றைச் சோதித்து 1795இல் ஒரு கட்டுரை வாசித்தார். அவர் திறமையான ஆய்வாளர். ஆயினும் இவ்வுருக்குத் தாதிலிருந்து நேரே செய்யப்பட்டது என்றும், ஒருபோதும் தேனிரும்பு நிலையில் இருந்ததில்லை என்றும் அவர் தீர்மானித்தார். மூசைத்தொழிலை நேரிற் கண்டவர்க்கு இது பிழையென்பது வெளிப்படை. மைசூர்ப் பகுதியில் 1800, 1801ஆம் ஆண்டுகளிற் பயணஞ்செய்த பிரான்சிஸ் புக்கானன், கொல்லரின் உலையருகே நின்று கண்டவற்றை 1807இல் வெளியிட்டபோதே தேனிரும்பும் ஆவாரங்கட்டையும் இலையும் மூசையுட் புகும் செய்தி ஆங்கில வாசகருக்குத் தெரியவந்தது. பொருளை மாத்திரம் பார்த்தவரினும் செய்கையைப் பார்த்தவரே இவ்விடத்து மெய்யை அறிந்தார்.

ஐரோப்பியக் கொல்லரின் அநுபவமும் இதனையே உணர்த்துகின்றது. தம் நாட்டு இரும்பைக் காய்ச்சிப் பழகியவாறு வூட்ஸ் கட்டியையும் வெண்சூடு ஏறக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தனர்; அது பொடிந்து சிதறிற்று. கட்டி குற்றமுடையது என்று அவருட் சிலர் எண்ணினர். உண்மை வேறு. காபன் மிகுந்த உருக்கு விரைவில் உருகத் தொடங்கும். வெண்சூட்டில் அதன் உள்ளே சில பகுதிகள் திரவமாகிவிடும். அந்நிலையில் அடிபட்டாற் சிதறாமல் என்செய்யும்? கீழ்நாட்டுக் கொல்லர் அதனைச் செஞ்சூட்டளவிலே பொறுமையாக மீண்டும் மீண்டும் அடித்தனர். ஒரு திரவியத்தை ஆக்கும் முறையைப் போலவே அதனைக் கையாளும் முறையும் அதன் குணத்தில் ஒரு பகுதி என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டவருள் தலையாயவர் மைக்கேல் பரடே. மின்னியலின் தந்தையருள் ஒருவராக நாம் அறியும் பரடே, ஒரு கொல்லனின் மகன். தம் இருபதுகளின் பிற்பகுதியில், 1819இல், அவர் வூட்ஸ் உருக்கைப் பகுத்தாராய்ந்தார். பின்னர் இலண்டனிற் கத்திகள் செய்த ஜேம்ஸ் ஸ்ரோடாட் என்பாருடன் சேர்ந்து, உருக்கோடு வெள்ளி, பிளாற்றினம், உரோடியம் முதலியவற்றைக் கலந்து பல கலப்புலோகங்களை ஆக்கி, 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டார். ஸ்ரோடாட் இந்திய உருக்காற் சவரக்கத்தி செய்து அதன் மேன்மையைக் கையால் உணர்ந்தவர். பரடே இரசாயனம் கற்றவர். பொருத்தமான கூட்டு அது. ஆயினும் வூட்ஸின் சிறப்புக்குக் காரணம் அதிலுள்ள அலுமினாவும் சிலிக்காவுமே என்று பரடே கருதியது தவறாயிற்று. எதிலே வேற்றுமை என்று அவர் தேடினாரோ அது சரியான தேட்டம். எங்கே தேடினாரோ அது போதாத இடம். எனினும் அம்முயற்சி வீண்போகவில்லை. அவர் ஆக்கிய எழுபத்தொன்பது மாதிரிகள் ஒரு மரப்பெட்டியில் நூறாண்டுக்கு மேலாக உறங்கிக் கிடந்தன. அவற்றைச் சேர் றொபேட் ஹாட்பீல்ட் ஆராய்ந்து 1931இல் ஒரு நூலாக வெளியிட்டார். கலப்புருக்கு என்னும் பெருந்துறையின் முதல் வித்துக்கள் அப்பெட்டியிற் கிடந்தன.

உண்மையில், விடையின் ஒரு பாதி அதற்கு முன்னரே கிடைத்திருந்தது. தேனிரும்பு, உருக்கு, வார்ப்பிரும்பு ஆகியவற்றின் வேற்றுமைக்குக் காபனே காரணம் என்பதை, சுவீடன் நாட்டுப் பேர்க்மன் 1781இல் நடத்திய பகுப்பாய்வுகளை அடியொற்றி, பிரான்சு நாட்டு அறிஞர் வந்தேர்மொந்த், பேர்தொல்லே, மொங்ஜ் ஆகிய மூவரும் 1786இல் நிறுவினர். பாரிஸ் நாணயசாலையிற் பணிபுரிந்த பிரெயான், ஏறத்தாழ முந்நூறு சோதனைகள் செய்து, தமஸ்கு வாளின் கோலமும் காபன் மிகுதியால் ஆயது என 1823இல் எழுதினார். உருசியாவின் யூரல் மலைப்பகுதியில் அனொசொவ் என்னும் பொறியியலாளர் பல்லாண்டு முயன்று அத்தகைய உருக்கைத் தாமே ஆக்கி 1841இல் நூலெழுதினார். ஆயின் காபன் எவ்வளவு என்பது தெரிந்தபின்னரும் ஒரு வினா எஞ்சிநின்றது. ஒரே உருக்கிலிருந்து வெட்டிய இரு துண்டுகளைச் செஞ்சூடாகக் காய்ச்சி, ஒன்றை மெல்ல ஆறவிட்டு, மற்றதை நீரிலே தோய்த்தால், முன்னையது மென்மையாகவும் பின்னையது கண்ணாடியைக் கீறும் வன்மையதாகவும் ஆகின்றது. இரண்டிலும் காபன் ஒன்றே, இரும்பும் ஒன்றே. கூறுகள் ஒன்றாயிருக்கக் குணம் எவ்வாறு வேறாயிற்று?

இதற்கு விடை காண உலோகத்தின் உள்ளே பார்க்கவேண்டியிருந்தது. அக்கண்ணைத் தந்தவர் ஷெபீல்ட் நகரத்து ஹென்றி கிளிவ்ரன் சோர்பி. அவர் முதலில் கற்பாறைகளை மெல்லிய தகடாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தவர். அம்முறையை உலோகத்துக்கும் கொண்டுசென்று, 1863ஆம் ஆண்டளவில் உருக்குத் துண்டுகளைக் கண்ணாடிபோல மெருகிட்டு, மெல்லிய அமிலத்தாற் சிறிது அரிக்கச் செய்து பார்த்தார். ஒரே பொருளெனத் தோன்றிய உருக்கு, பல பளிங்குமணிகளின் கூட்டமாக விளங்கிற்று. சில மணிகள் முத்துப்போல ஒளிவிட்டன. பின்னர் மேலும் பெருக்கிப் பார்த்தபோது, அவை இரும்பும் இரும்புக் காபைட்டும் மெல்லிய தகடுகளாக மாறிமாறி அடுக்கப்பட்ட அமைப்பென்று கண்டார். அம்முத்தொளி காரணமாகவே அவ்வமைப்பு இன்று பேர்லைற்று எனப்படுகின்றது.

இனி நாம் எழுப்பிய வினாவுக்கு விடை கூறலாம். ஏறத்தாழ 727 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் உருக்கின் அணுவடுக்கு மாறத் தொடங்குகின்றது. அப்புதிய அடுக்கில் காபன், நீரில் உப்புப்போலக் கரைகின்றது. மெல்ல ஆறவிட்டாற் காபன் ஆறுதலாகப் பிரிந்துவந்து மேற்கூறிய தகடடுக்காக அமைகின்றது. நீரிலே திடீரெனத் தோய்த்தாலோ, பிரிந்துவர நேரமின்றிக் காபன் இரும்பின் அடுக்கினுள்ளே சிறைப்பட்டு, அவ்வடுக்கையே வலிந்து கோணச் செய்கின்றது. அக்கோணலே வன்மை. ஜேர்மன் அறிஞர் அடொல்ப் மாட்டென்ஸின் நினைவாக இவ்வமைப்பை மாட்டென்சைற்று என்பர். அது வன்மையொடு நொறுங்குந் தன்மையும் உடையதாதலின், கொல்லன் அதனை மீண்டும் இளஞ்சூட்டிற் காய்ச்சிப் பதப்படுத்துகின்றான். அப்போது காபனில் ஒரு பகுதி நுண்துகள்களாக வெளிப்பட்டு, உருக்கு உரம்பெறுகின்றது. நம் ஊர்க் கொல்லன் கத்தியின் முகத்திலே ஓடும் வைக்கோல் நிறத்தையும் நீலநிறத்தையும் பார்த்துப் பதம் அறிகின்றானே, அவன் படிப்பது இவ்வணுக்களின் இடப்பெயர்ச்சியையே.

திரவிய விஞ்ஞானத்தின் முதல் விதி இதுவே: ஒரு பொருளின் குணம், அதனுள் என்ன இருக்கின்றது என்பதால் மாத்திரம் அமைவதன்று, உள்ளிருப்பவை எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதாலும் அமைகின்றது, அவ்வடுக்கை அமைப்பது, அப்பொருள் பட்ட சூடும் அடியும் ஆற்றுதலுமாகும். செய்முறை அமைப்பைத் தருகின்றது. அமைப்புக் குணத்தைத் தருகின்றது. குணம் பயனைத் தருகின்றது. இச்சங்கிலியில் ஒரு கண்ணியை மறந்த பொறியியலாளன் ஆக்கும் பொருள் ஒருநாள் அவனைக் கைவிடும்.

அவ்வாறு கைவிட்ட நிகழ்ச்சிகள் வரலாற்றில் உண்டு. ஹென்றி பெசமர் 1856இல், உருகிய வார்ப்பிரும்பினூடே காற்றைச் செலுத்தி நிமிடக் கணக்கில் உருக்கு ஆக்கும் முறையை வெளியிட்டார். உரிமை வாங்கிய ஆலைகள் அம்முறையைக் கையாண்டபோது உடைந்து சிதறும் உருக்கே கிடைத்தது. பெசமர் தற்செயலாகப் பொசுபரசு குறைந்த இரும்பைப் பயன்படுத்தியிருந்தார். ஏனையோரின் இரும்பிலே பொசுபரசு மிகுந்திருந்தது. அக்குறையை நீக்கும் வழியைத் தோமஸ், கில்கிறிஸ்ற் என்போர் 1870களின் இறுதியிலேயே கண்டனர். இன்னொன்று: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஐக்கிய அமெரிக்கா கப்பல்களை ஆணியறையாது ஒட்டுவேலையால் விரைந்து கட்டிற்று. 1943ஆம் ஆண்டு தை மாதத்திலே, ஒறிகன் மாநிலத்துப் போட்லன்ட் துறையில், அமைதியான நீரிற் கட்டிநின்ற ஸ்கெனெக்ரடி என்னும் புதிய எண்ணெய்க்கப்பல் பேரோசையுடன் இரண்டாகப் பிளந்தது. புயலில்லை; போரில்லை; குளிர் ஒன்றே இருந்தது. அக்காலத்துக் கப்பலுருக்குக் குளிரில் வளையுந் தன்மையை இழந்து கண்ணாடிபோல் உடையும் என்பதை, கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கொன்ஸ்டன்ஸ் ரிப்பர் அம்மையார் தம் ஆய்வுகளால் தெளிவுபடுத்தினார். ஒட்டுவேலைக்காரரை மாத்திரம் குறைகூறிய வாய்கள் அடங்கின.

மேனாட்டில் இவ்விஞ்ஞானம் வளர்ந்த அதே நூற்றாண்டிற்றான் அதற்கு வித்திட்ட நம் பகுதிகளின் உருக்குத் தொழில் அழிந்தது. காடுகள் அருகிக் கரி அரிதாயிற்று. காட்டைக் கையாளும் உரிமைகளும் சுருங்கின. பெசமரின் வழியால் மலிந்த உருக்குக் கப்பல் கப்பலாக வந்திறங்கிற்று. ஒரு மூசையில் ஒரு கட்டி ஆக்கும் தொழில் அதனோடு எவ்வாறு போட்டியிடும்? இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராயிருந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, கண்டிநாட்டில் இரும்பு, உருக்குத் தொழில்களின் எச்சத்தைத் தேடிச் சென்று, அச்செய்முறைகளை 1908இல் வெளியான இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தமது நூலிற் பதிந்துவைத்தார். கலைவரலாற்றாளராகவே உலகம் போற்றும் அவர், புவிச்சரிதவியல் கற்றவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. அவர் அன்று எழுதிவையாதிருப்பின், பல நூற்றாண்டு அறிவு சுவடின்றிப் போயிருக்கும். கையிலே வாழும் கல்வி, கை ஓய்ந்த நாளில் ஓய்ந்துவிடுகின்றது.

இருபதாம் நூற்றாண்டில் உலோகத்தின் உள்ளுருவை நோக்கும் கண் மேலும் கூர்மை பெற்றது. லாவே 1912இல் காட்டிய வழியில், பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிரால் அணுவடுக்கை அளந்தனர். ரெயிலர், ஒறோவன், பொலானி ஆகிய மூவரும் 1934இல், அணுவரிசையில் உள்ள சிறு ஒழுங்குக் குறைவுகள் நகர்வதாலேயே உலோகம் வளைகின்றது எனத் தனித்தனியே விளக்கினர். குறைகளே வளையுந் தன்மைக்குக் காரணம் என்பது சிந்திக்கத்தக்க செய்தியன்றோ? உலோகம், மட்பாண்டம், பல்பகுதியம் எனப் பிரிந்து நின்ற துறைகள், உள்ளமைப்பு என்னும் ஒரே கருத்தால் ஒன்றுபட்டன. 1950களில் திரவிய விஞ்ஞானம் என்னும் பெயரிற் பல்கலைக்கழகத் துறைகள் தோன்றலாயின.

அப்புதிய அறிவு மீண்டும் பழைய வாளையே நாடிச் சென்றமை இவ்வரலாற்றின் அழகிய முடிவாகும். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்து உலோகவியலாளர் வெர்ஹோவன் என்பாரும், வாளடிக்கும் கொல்லராகிய பென்ட்ரே என்பாரும் பல்லாண்டு ஒன்றாக உழைத்து, தமஸ்கு வாளை மீண்டும் ஆக்கி 1998இல் தம் முடிவை வெளியிட்டனர். அக்கோலத்துக்குக் காபன் மாத்திரம் போதாது, நூற்றுக்கு 0.01 பங்கினும் குறைந்த வனேடியம் போன்ற மூலகங்கள் தாதோடு வந்திருத்தல் வேண்டும். உருக்கு உறையும்போது அவை வரிசையாக ஒதுங்கி நிற்க, கொல்லன் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கையில், காபைட்டுத் துகள்கள் அவ்வரிசைகளிலே திரண்டு கோலமாகின்றன. தாது கிடைத்த சுரங்கம் மாறியபோது, கொல்லன் எதையும் மறவாதிருந்தும் கோலம் தோன்றாமற் போயிருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. பரடே தேடிய சிறு கலப்பு உண்மையாகவே அங்கு இருந்தது. அதனைக் காணும் கருவிதான் அவர் காலத்தில் இருக்கவில்லை.

இவ்வரலாறு நம் மாணவருக்குக் கூறுவது யாது? வூட்ஸ் உருக்கை ஆக்கிய கொல்லன் செய்முறையை அறிந்தான், காரணத்தை அறிந்தானல்லன். ஆதலால் தாது மாறியபோதும் காலம் மாறியபோதும் அவனாற் தன் கலையைக் காத்துக்கொள்ள முடியவில்லை. பியர்சனும் பரடேயும் காரணத்தைத் தேடினர். செய்முறையை நேரிற் கண்டாரல்லர். ஆதலால் அவர்கள் பிழைபட்டனர். கொல்லனும் அறிஞனும் ஒரே உலையருகே நின்றபோதே உண்மை வெளிப்பட்டது. நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசி அமைதலும், மேனாட்டார் நூலில் உள்ளதே அறிவென்று தம் ஊர்ப் பட்டறையை எட்டிப்பாராதிருத்தலும் ஒரே தன்மையான குற்றங்களே.

நாளை பொறியியல் கற்கச் செல்லும் மாணவன், அதற்குமுன் ஒருநாள் தன் ஊர்க் கொல்லன் பட்டறையில் அரைமணி நேரம் நிற்பானாக. செஞ்சூடேறிய இரும்பு நீரிலே தோய்ந்து சீறும் ஒலியைக் கேட்பானாக. அது ஏன் அவ்வாறு செய்யப்படுகின்றது என்று கேட்டு, கொல்லன் கூறும் விடையைக் குறித்துக்கொள்வானாக. பின்னர்த் தன் நூலைத் திறந்து அதன் காரணத்தைத் தேடுவானாக. இரண்டு விடைகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்திலேயே அவனுடைய கல்வி தொடங்கும்.